ஒரு மீட்டர் சட்டம்

பன்னிரண்டு வருஷம்
பதினாறு லிட்டர் டாங்கியை முதுகில் மாட்டி
செம்பனைக்குக் கீழே முளைத்ததையெல்லாம்
மஞ்சளாக்கிக்கொண்டிருந்தேன்.
பெயர் கேட்டதில்லை எதனிடமும்.
புல் என்பார் மண்டோர். எல்லாமே புல்.

இப்போது அதே கைகள்
ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர்
குழாய்ச் சட்டத்தைத் தரையில் வைத்து
உள்ளே அகப்படுவதை எண்ணுகின்றன.
நாளுக்கு எழுபது வெள்ளி.
மழை பெய்தால் பாதி.

பகாவ் டவுனிலிருந்து மோட்டாரில் இருபது நிமிஷம்;
ஐந்தாம் டிவிஷன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் காடு.
போன நவம்பர் காற்றில்
ஒரு மெராந்தி சாய்ந்தது.
தனியாகப் போகவில்லை.
கொடி பிணைத்திருந்த மூன்று மரங்களையும்
இழுத்துக்கொண்டு போனது.
லோரி கவிழ்ந்ததென்று நினைத்து
டார்ச்சோடு ரோட்டுக்கு ஓடினானாம்
லயத்துக் கடைசி வீட்டு மோகனவேலு.

கூரையில் விழுந்த அந்த ஓட்டையை
முதல் நாள் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.
தரையில் பகல் கிடந்தது,
யாரோ பாய் விரித்து
மடிக்க மறந்த மாதிரி.

நேர் கீழே மகாங்தான் முந்திக்கொண்டு நிற்கிறது,
குடை அகல இலையும்
தண்டுக்குள் எறும்புக் குடித்தனமுமாய்.
ஓரத்தில்தான் கூட்டம்.
பத்தரைக்கு வரும் வெயில்
பதினொன்றேகாலுக்குப் போய்விடும் இடம்.
வெளிச்சம் கேட்பதும் வெளிச்சத்துக்கு அஞ்சுவதும்
முழங்கை இடிக்க நிற்கின்றன:
இஞ்சி ஜாதியில் மூன்று, பிரம்பில் இரண்டு,
தொட்டால் பிசுபிசுக்கும் கொடி ஒன்று...
முப்பத்தொரு வகை.
நாற்பதடி தள்ளி, மூடிய காட்டில், ஒன்பது.

அப்படியென்றால் ஓட்டை பெரிசானால்
இன்னும் கூடுமே என்றேன்.
அவாங் ஒன்றும் சொல்லாமல்
பாலாக் லோரிகள் திரும்பிய பழைய மேட்டுக்கு
முன்னால் நடந்தான்.
அங்கே முழு வானமும் திறந்திருந்தது.
இடுப்பளவு ரேசாம் பெரணி,
அதற்குப் பின்னால் ரேசாம்,
அதற்கும் பின்னால்.
சட்டத்தைத் தரையில் படுக்கவைக்க
பாராங் வேண்டியிருந்தது.
நான்கு. நான்காவது லாலான்.

மெராந்திக் கன்றுகளும் உண்டு.
முழங்கால் உயரம், ஐந்தாறு இலை.
போன வருஷம் முளைத்ததென்று எழுதப் போனேன்.
பதினொரு வருஷமாகிறது, அக்கா, என்றாள் நோராசிகின்,
பழைய தகரச் சீட்டின் எண்ணைப் படித்துவிட்டு.
இருட்டில் வளராமலும் சாகாமலும்
பதினொரு வருஷம்.
என் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள்.

எழுபத்திரண்டாம் சட்டத்தில் சென்டுடுக்.
ஊதாப் பூ, ரோமம் படர்ந்த இலை.
இவளை எனக்குத் தெரியும்.
இவளுக்கு எத்தனை மூடி மருந்து என்பதும் தெரியும்.
ஒன்று என்று எழுதினேன்.
பென்சில் கொஞ்சம் அழுந்திவிட்டது.

ஐந்தாம் டிவிஷனில் இப்போது மறுநடவு.
மரத்துக்கு மரம் துளைபோட்டு ஊசி குத்தி
ஒரே மாதத்தில் எல்லாம் சரிந்தது.
இருநூறு ஏக்கர் வெளிச்சம்.
சாயங்காலம் அந்த வழியாக வரும்போது
கண் தானாகவே தரையைத் துழாவுகிறது.
அங்கே காத்திருக்க யாருமில்லை.
நாங்கள் விட்டுவைக்கவில்லை.

நூற்றுப் பதினேழாம் சட்டத்தில்
இரண்டே விதையிலையோடு ஒன்று.
அவாங் குனிந்து பார்த்தான், முகர்ந்தான்,
உதட்டைப் பிதுக்கினான்.
நோராசிகின் படமெடுத்தாள்.
மூன்றாவது இலை வந்தால்தான் இன்னாரென்று தெரியுமாம்.
சிவப்பு நாடா கட்டி
பெயர்க் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

காட்டுப்பன்றி மிதிக்காமல் இருக்க வேண்டும்.
ஓட்டை அதற்குள் மூடிவிடாது என்கிறார்கள்.

மேலே இருட்டிக்கொண்டு வருகிறது.
முதல் துளி தாளில் விழுந்து
எழுபத்திரண்டைக் கரைக்கிறது.
முப்பத்தைந்து வெள்ளி.
எண்ணி முடித்துவிட்டே வருகிறேன் என்றேன்.